குளத்துக் கரையில் ஒரு நாற்காலி

'பசுமைக் கல்யாணம்' என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கல்யாண ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ். வருகிறவர்கள் போனை நீட்டிப் படம் காட்டுவார்கள். பிளாஸ்டிக் புல், பிளாஸ்டிக் இலை, நடுவில் ஒரு பலகையில் 'இயற்கையோடு இணைவோம்' என்று எழுதியிருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். அப்படிச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு குளத்தை ஒட்டி மாந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் போகக் குளத்துக் கரைதான் பாதை. வெளியூர்க்காரர்கள் 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்று இடம் தேட ஆரம்பித்தபோது, அந்தத் தோப்பை முதலில் பிடித்துக் கொடுத்தவள் நான்தான். ஆவணியில் முதல் கல்யாணம். இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலைச் சுற்றி மணமக்கள் படம் போட்ட லேபிள், அதன் அடியில் பொடி எழுத்தில் என் போன் நம்பர். விளம்பரமாக இருக்கட்டுமே என்று நானே போடச் சொன்னேன். குப்பையை அள்ள ஒரு டிராக்டர்காரரைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்று நான் கேட்கவில்லை. அவர் குளத்துக்குள்ளேயே கொட்டியிருக்கிறார்.

ஐப்பசி மழையில் குளம் பெருகியது. கார்த்திகையில் மடையைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. அந்தக் குளத்துக்கு ஒரு நீர்பாய்ச்சி உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயல் வயலாகத் தண்ணீரைப் பிரித்து விடுவதும் அவர் வேலை. அந்த மனிதர் நாள் கணக்கில் மூச்சைப் பிடித்து முங்கி, மடை வாயில் அடைத்துக் கிடந்ததைக் கையால் இழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குள் கடைசி வயல்களில் நட்ட பயிர் காய்ந்துவிட்டது.

அவர் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்து, என் மேஜை மேல் கவிழ்த்தார். சேறு பூசிய பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் என் நம்பர் இருந்தது.

"போன் போட்டே சொல்லிருக்கலாம். நம்பர்தான் எல்லாத்துலயும் இருக்குல்லா. நேர்ல காட்டணும்னு தோணிச்சு" என்றார். அவ்வளவுதான், படியிறங்கிப் போனார்.

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த வாயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆபீஸைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு பெண் வந்தாள். சென்னையில் வேலை. அப்பா இல்லை. அம்மாவுக்குச் சொந்த ஊர் அந்தக் குளத்தை ஒட்டிய ஊர்தான். தன் கல்யாணம் அந்த மாந்தோப்பில்தான் நடக்க வேண்டும், குப்பையே இல்லாமல் நடக்க வேண்டும் என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு நீர்பாய்ச்சியிடம் போனேன். அவர் விரட்டிவிடுவார், இவள் வேறு இடம் பார்ப்பாள் என்பது என் கணக்கு.

அவர் விரட்டவில்லை. என்னைப் பார்த்து மட்டும் பேசினார். கல்யாணத்தை நடத்துங்கள், ஆனால் குளம் வற்றும்போது இந்தக் கல்யாணத்து பாட்டில் ஒன்றே ஒன்று மடைக்கு வந்தாலும், இனி எந்தக் காலத்திலும் அந்தக் கரையில் கல்யாண வண்டி ஏறாது என்றார். ஊரே சேர்ந்து முடிவு செய்ததாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படி ஒரு பாட்டில் வந்தால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வேலையை ஆரம்பித்தோம். சென்னை விருந்தாளிகள் யாரும் காரில் வரக்கூடாது, செங்கோட்டை ரயிலில் ஏறி சங்கரன்கோவிலில் இறங்க வேண்டும் என்று பத்திரிகையிலேயே அச்சடிக்க வைத்தேன். சிலருக்குக் கோபம். இருக்கட்டும். சங்கரன்கோவில் லாட்ஜ்களில் தங்க வைத்தோம். காலையில் கோயில், அப்புறம் பூ மார்க்கெட், மத்தியானம் பிரியாணி என்று சுற்றினார்கள். காட்டுக்குள் இருக்கிற அருவிக்குக் கூட்டிப் போகச் சொன்னவர்களிடம் அங்கே மனிதர்களுக்கு வேலை இல்லை என்றேன். குளத்துக்கு மேலே டிரோன் பறக்க விட வேண்டும் என்று கேமராக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். நாரைகள் அடைந்திருக்கிற மரத்தைக் காட்டி, அவற்றிடம் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றேன். பெங்களூரிலிருந்து ஆர்க்கிட் பூ இறக்குகிறேன் என்ற அலங்காரக்காரரை எங்கள் பூ மார்க்கெட்டுக்கே இழுத்துப் போய் நிறுத்தினேன். அங்கேயே பூ வாங்கிக் கட்டினார்.

தண்ணீர்தான் பெரிய சண்டை. அந்த ஊரில் பொதுப் பாத்திரம் உண்டு. அண்டா, குண்டான், நூற்றுக்கணக்கில் சில்வர் டம்ளர், எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர் வெட்டியிருக்கும். ஊர்க்காரர் வீட்டு விசேஷம் என்றால் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சட்டம்: விசேஷம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்களே தங்கள் கையால் துலக்கிக் கொடுக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் அடுத்த தடவை பாத்திரம் கிடையாது.

பெண்ணின் தாய்மாமன்தான் கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர். திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். டம்ளர் என்றதும் முகம் சுண்டிப்போனது.

"பாட்டில் வைக்கலேன்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாவ? அப்பன் இல்லாத பிள்ளைன்னு மாமன் சுருக்கிட்டான்னு சொல்ல மாட்டாவளா? இதுல நாங்க உக்காந்து பாத்திரம் வேற தேய்க்கணுமா?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. இன்றைக்கு எங்கள் பக்கம் கௌரவம் என்பது இலையின் வலது ஓரத்தில் நிற்கிற அந்தக் குட்டி பாட்டிலில்தான் இருக்கிறது. பெண் பிடிவாதமாக நின்றதால் கடைசியில் சரி என்றார். அவர் சரி என்ற விதத்தைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தை மாதம், கல்யாணத்தன்று காலை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும். கரைப் பாதையில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி நிறைய அட்டைப் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மறித்து ஒரு பெட்டியைப் பிரித்தேன். தண்ணீர் பாட்டில்கள். லேபிளில் மணமக்கள் படம், சுற்றி இரண்டு இலை, மேலே 'நெகிழி இல்லாப் பசுமைத் திருமணம்' என்று அச்சாகியிருந்தது.

மாமா பின்னாலேயே வந்துவிட்டார். அவர் முகத்தில் துளி கள்ளத்தனம் இல்லை. எனக்கும் பிடிக்கும்படியாகச் செய்துவிட்டோம் என்கிற சந்தோஷம்தான் இருந்தது.

"பாருங்க மேடம், நீங்க சொன்னதத்தான் போட்டுருக்கேன். கலர்கூட பச்சைலதான் அடிக்கச் சொன்னேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பந்தலிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து, கரைக்கு நடுவில், வண்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். அவர் முதலில் கெஞ்சினார். சம்பந்தி வீட்டு ஆட்கள் பார்க்கிறார்கள் என்றார். நான் அசையவில்லை. என் தொழில் மட்டுமா போகும்? இந்தக் கரையில் இனி யார் வீட்டுக் கல்யாணமும் நடக்காது. அதைவிட, அந்த நீர்பாய்ச்சி மறுபடியும் முங்கி நான் நடத்திய கல்யாணத்து பாட்டிலைச் சேற்றிலிருந்து எடுக்க நான் விடமாட்டேன். அது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது.

கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இந்த நிமிசத்தோட உங்க வேலை முடிஞ்சிட்டு. கெளம்புங்க."

"போறேன். வண்டி திரும்பட்டும். பெறவு போறேன்" என்றேன்.

கரையில் வண்டி திரும்ப இடமில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு வந்த வழியெல்லாம் ரிவர்ஸிலேயே போனார். அது ரோட்டில் ஏறி மறைந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு வண்டி வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கெட்டிமேளம் காதில் விழுந்தது. மாதக்கணக்கில் நான் இழைத்து இழைத்துச் செய்த கல்யாணத்தில் தாலி கட்டுவதை நான் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் எழுந்து போயிருக்கலாமோ என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பந்தியில் டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். யாரும் செத்துப்போகவில்லை. சம்பந்திக்காரர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று பரிமாறியவர்கள் பிறகு சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும், தோப்புக்குப் பின்னால் பம்புசெட் அருகே டம்ளர்கள் மலையாகக் கிடந்தன. நீர்பாய்ச்சி ஊர் சார்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வீட்டு ஆட்கள் ஒருவரையும் காணோம். கல்யாணப் பெண் கூறைப்பட்டுச் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, நைட்டியும் தோளில் துண்டுமாக வந்து உட்கார்ந்தாள். தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் காயவில்லை. பின்னாலேயே மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். நானும் ஒரு தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீ தொடப்பிடாது எம்மா. நீ கூலிக்கு வந்த ஆளு" என்றார் நீர்பாய்ச்சி.

"என்னய காலைலயே வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ அண்ணாச்சி. இப்பம் நான் பொண்ணு வீட்டு ஆளு."

அவர் சிரிக்கவில்லை. பெண்ணைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். சாம்பல் சட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். வெயில் சாயும்வரை தேய்த்தோம். கடைசி அண்டாவைத் தேய்க்க எடுக்கும்போது மாமா வந்தார். சட்டையைக் கழற்றி மரத்தில் தொங்கவிட்டு அந்த அண்டாவை அவரே தேய்த்தார். என் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பங்குனிக் கடைசியில் குளம் வற்றி, தண்ணீர் அடிமட்டத்து மடைக்கு இறங்கியது. ஒரு காலையில் படிக்கட்டில் காலடிச் சத்தம். நீர்பாய்ச்சி, தோளில் சாக்கு. ஆபீஸ் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் சாக்கைக் கவிழ்த்தார். ஒரே ஒரு பாட்டில் உருண்டு வந்து என் கையில் முட்டி நின்றது.

லேபிள் பாதி அழுகியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பழைய கல்யாணத்து ஜோடி. அடியில் என் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது.

"இந்தத் தடவ உள்ளது ஒண்ணும் இல்ல. இது அன்னைக்குள்ளது. இன்னமும் வந்துக்கிட்டுதான் இருக்கு" என்றார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முகூர்த்தம் எப்போது என்று கேட்டார்.

அந்த பாட்டிலைக் கழுவாமல் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன், லேபிள் வருகிறவர்கள் பக்கம் திரும்பி இருக்கும்படி. இலைக்கு ஒரு பாட்டில் என்று கேட்கிறவர்கள் முன்னால் அதை நகர்த்தி வைத்து, வாசித்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். நம்பரை மாற்றிவிடு, பழைய மானக்கேடு எதற்கு என்று வீட்டில் சொல்கிறார்கள். மாற்றமாட்டேன். அந்தச் சேற்றுக்குள் இன்னும் எத்தனை கிடக்கிறதோ, ஒவ்வொன்று மேலே வரும்போதும் கூப்பிட்டால் போனை நான்தான் எடுக்க வேண்டும்.