தேதியைப் பெரிதாகப் போடச் சொன்ன சரோஜா மேடம்

சரோஜா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் அரவேணு வாட்ஸ்அப் குழுவில் முந்தாநாள் காலையில் வந்தது. ஒரு விளக்குப் படம், கீழே பெயர், அவ்வளவுதான். எந்த வீடு, என்றைக்கு என்று ஒன்றுமில்லை. யாரோ கிளப்பிவிட்ட புரளியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவர் மகளுக்குப் போன் செய்தேன். "ஆமாங்ண்ணா. நேத்து சாயங்காலமுங்க. டீ குடிச்சுட்டு நாற்காலில சாஞ்சாங்க, அப்படியே போயிட்டாங்க" என்றார். நோயில் கிடந்து அவதிப்படாமல் போனாரே என்று, அந்த வருத்தத்திலும் மனது கொஞ்சம் ஆறியது. அதன் பிறகுதான் குழுவில் 'செய்தி உண்மை' என்று எழுதினேன். விசாரிக்காமல் எழுதியிருந்தால் மேடமே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

உங்களில் பலருக்கு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்து 'ரிஜிஸ்டர் மேடம்' என்றால்தான் தெரியும். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் பிரசவம், எங்கே சாவு என்ற விவரமெல்லாம் தினமும் அவர் மேசைக்கு வந்து, அங்கிருந்து ஊட்டியில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். நான் அரவேணுவில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கடையில்தான். குழுவுக்கு அட்மினும் நானே. இந்த இரண்டு பெருமையும் சேர்ந்து ஒருமுறை என் தங்கை மகளின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தன.

நான்கு வருடம் இருக்கும். நல்ல மழைக்காலம். கீழ் கோத்தகிரிப் பக்கம் மர்மக் காய்ச்சலில் பதினோரு பேர் செத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர் யாரும் திரும்பவில்லை, அரசாங்கம் மறைக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. சாட்சிக்குப் பதினோரு கண்ணீர் அஞ்சலி பேனர்களின் படங்கள். ஜனங்களுக்குத் தெரியட்டுமே என்று ஆறு குழுக்களுக்கு அனுப்பினேன். பெரிய சமூக சேவை செய்த நினைப்பு வேறு.

மறுநாள் தங்கை மல்லிகா போன் செய்தாள். அவள் கீழ் கோத்தகிரியில் ஓர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். "அண்ணா, பாப்பாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல். மூச்சு வாங்குது" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்று கத்தினேன். "நான் மாட்டேன். போனா பொணமாத்தான் வருமாம். நீதான அனுப்புன?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து, அப்படி ஒன்றும் இல்லை போ என்பார் என்று நினைத்தேன். அவரோ என் போனை வாங்கி, ஒவ்வொரு படமாக இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இதுல முக்காவாசி உங்க கடையில அடிச்சதுங்களா?"

பேனரின் மூலையில் என் கடையின் பெயர் பளிச்சென்று இருந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இறந்தால் வீட்டார் ஒரு பேனர் வைப்பார்கள், எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் ஒன்று, சங்கத்தார் ஒன்று, சம்பந்தி ஊர்க்காரர்கள் ஒன்று. அவரவர் கையில் கிடைத்த படத்தைக் கொண்டுவருவார்கள். ஒரே ஆளுக்கே ஒன்றில் கறுப்பு மீசை, இன்னொன்றில் குல்லாயும் நரைத் தாடியும். முதலாம் ஆண்டு நினைவு பேனரும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். முக்கால்வாசியை அடித்துக் கொடுத்த நானே, அவற்றைப் பார்த்துப் பதினோரு பிணம் என்று நம்பியிருக்கிறேன். வேறு எவனாவது இப்படி ஏமாந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"எத்தனை பேருங்கறது அப்புறம். மொதல்ல யாருன்னு கேளுங்க" என்றார் மேடம். ரிஜிஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு சுகாதார நிலையத்து ஜீப்பில் ஏறிவிட்டார்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் மல்லிகா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்; வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். "கவர்மெண்டு ஆளு, இல்லைன்னுதான சொல்லுவீங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். மேடம் அதை மறுக்கப் போகவில்லை. முதல் படத்தைக் காட்டி, "இவரு யாருங்க? எந்த ஊடு? என்னைக்கு?" என்று கேட்டார். "எங்க மாமனாருங்க" என்றது ஒரு குரல். நாலாவது படத்தில் அதே குரல், "அட, இதுவும் அவருதானுங்க, எங்க கல்யாணத்துல எடுத்தது" என்றது. இன்னொருவர் போன வருடமே போனவர். அவர்களே கழித்துக் கழித்து, பதினோரு பேரை நான்காக்கினார்கள். அதில் மூன்று பேர் ரிஜிஸ்டரில் இருந்தார்கள். இருவர் வயதாகி இறந்தவர்கள், ஒருவர் சரிவில் விழுந்தவர். நான்காமவர் பெயர் மட்டும் இல்லை.

"பாத்தீங்களா, மறைக்கறாங்க!" என்று சத்தம் எழுந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். மேடம் அசரவில்லை. "இருக்கோணும், ஆனா இல்லீங்க. எனக்குத் தெரியலை. கேட்டுடலாம் இருங்க" என்றார். அங்கேயே அந்த நான்காமவரின் மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அப்பா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலியில் இறந்தார், அங்கேயே பதிவு செய்துவிட்டோம் என்றார் அவர். மேடம் அதை எல்லோர் முன்னாலும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

நான்கு சாவு உண்மை. காய்ச்சலில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மல்லிகாவின் மனதை மாற்றியது அந்தக் கணக்கு அல்ல. "தெரியலைன்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் நம்புனேன்" என்று பின்னால் சொன்னாள். கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளாகவே ஜீப்பில் ஏறினாள்.

நிமோனியா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நான்காம் நாள் பாப்பா வர்க்கி பிஸ்கட் வேண்டுமென்று அடம்பிடித்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நான் சிரித்தேன். அன்றைக்குப் போல ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

மேடம் என்னைத் திட்டவே இல்லை. "தப்பா அனுப்புன கையாலயே சரியானதையும் அனுப்புங்க. ஆறு குழுவுக்கும்" என்றார். கூடவே ஒரு கட்டளை: "பேனர்ல அந்தத் தேதிய ஏனுங்க எறும்பாட்டம் போடறீங்க? பெருசாப் போடுங்க." அன்றிலிருந்து போடுகிறேன். "மொகத்தப் பெருசாக்கச் சொன்னா தேதியப் பெருசாக்கறீங்க, காலண்டருங்களா அடிக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருடம், 'நம் பகுதியில் காய்ச்சல் சாவே கிடையாது, எல்லாம் பொய்' என்று ஒரு செய்தி வந்தது. நல்ல செய்திதானே என்று அதையும் அனுப்பினேன். உடனே மேடம் போன். "காய்ச்சல்ல போனவரு ஒருத்தரு இருக்காருங்க. அவரு ஊட்டுல இதைப் படிச்சா என்ன நெனப்பாங்க?" மன்னிப்புக் கேட்டு அழித்தேன்.

நேற்று மல்லிகா மகளோடு கடைக்கு வந்தாள். லைன் வீட்டுக்காரர்கள் சார்பில் மேடத்துக்குப் பேனர் வேண்டுமாம். பாப்பா இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள். திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, தேதி இன்னும் கொஞ்சம் பெருசா" என்றாள்.

'யாரு?' என்ற அந்த ஒரு கேள்வியை அவர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். பேனரை மெஷினில் ஏற்றும் முன்பும் கேட்டேன். பெயர், வீடு, தேதி. எங்காவது ஒரு தப்பு இருந்து, செய்தியே பொய்யாகிவிடக் கூடாதா என்று மூன்று முறை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மேடம்.