துரை வந்ததும் நின்ற பாட்டு

அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு அந்நியர் செய்திருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இப்படி வயிறு எரியாது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஒரே நீள அறை, அதற்குள் ஐந்து வகுப்பு. அவர் பெரிய வாத்தியார், நான் தற்காலிகமாக வந்த டீச்சர். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் எல்லாம் இன்னும் வெள்ளைக்காரத் துரை சொல்வதுதான். பள்ளிக்கூடமும் அவர் கையில்தான் இருந்தது. தனியாள் என்பதால் மத்தியானச் சாப்பாடு எனக்குப் பெரிய வாத்தியார் வீட்டில். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ரசம் கொஞ்சம் காரமாக இருந்தால் கூட, "தங்கச்சிக்குத் தனியா எடுத்து வைக்கக் கூடாதா?" என்று அக்காவைக் கடிந்துகொள்வார்.

கடைசிப் பாடம் பாட்டு. ஆர்மோனியம் கிடையாது, என் தொண்டைதான். ரயில் மலையேறுவதைப் பற்றி நானே ஒரு பாட்டுக் கட்டினேன். வட்டவளை ஸ்டேஷனில் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். வளைவு வந்தால் இன்னும் மெதுவாக. கொட்டகலை தாண்டியதும் இறக்கத்தில் ஓட்டமாய் ஓட வேண்டும். பாட்டின் வேகத்தைக் காலம் என்பார்கள், அது என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, ரயிலைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்த பிள்ளைகள் பலகையில் தட்டுவார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டே வளர்ந்த கைகள், ஒரு அடி பிசகாது. அப்போது பெரிய வாத்தியாரும் கொப்பி திருத்துவதை விட்டுவிட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். மலையில் கொழுந்து எடுக்கும்போது பெண்கள் பாடுவார்கள். துரையின் தொப்பி வளைவில் தெரிந்தால் போதும், பாட்டு அப்படியே நின்றுவிடும். யாரும் யாருக்கும் சைகை காட்டுவதில்லை. எங்கள் பிள்ளைகள் அந்த அம்மாக்களின் பிள்ளைகள். துரையின் மோட்டார் சைக்கிள் கீழ் ரோட்டில் உறுமினாலே பாட்டு பாதியில் செத்துப்போகும். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் துரை ஒரு நாள் சொல்லியனுப்பினார், பாட்டைக் கேட்க வருவதாக. பிடித்திருந்தால் ஆர்மோனியம் வாங்கித் தருவார், பாட்டுப் பாடம் நிலைக்கும், என் வேலையும் நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் அந்த நேரத்துக்குக் கணக்கு. கணக்குக்குப் பெரிய வாத்தியார் ஒருவரே போதும்.

அதனால் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். ஐந்தாம் வகுப்பில் வாயாடிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துத் தொப்பியாக்கி, கையில் தடியைக் கொடுத்து, பாட்டு நடக்கும்போது துரை மாதிரி உள்ளே வரச் சொன்னேன். "என்னா இது, என்னா இது?" என்று துரைத் தமிழில் அதட்டிக்கொண்டே அவள் வருவாள். யார் என்ன அதட்டினாலும் ரயில் நிற்கக் கூடாது, அதுதான் விளையாட்டு. முதல் வாரம் சிரித்தே கெடுத்தார்கள். பிறகு அவள் முகத்துக்கு நேரே தடியை ஆட்டினாலும் கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு பாடினார்கள். பெரிய வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "பலே தங்கச்சி! இந்த மலையில யாருக்கும் தோணாதது உனக்குத் தோணியிருக்கு" என்றார்.

துரை வருகிற நாள் காலையில் அவரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, தொரைக்குத் தேத்தண்ணி குடுக்கணும். அக்கா தனியாத் தவிச்சுக்கிட்டு இருக்கா. செத்த போயிப் பாத்துட்டு வா. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

போனேன். அக்கா அந்தக் கோப்பையைத் துடை, இந்தத் தட்டைத் துடை என்று என்னை விடவேயில்லை. துடைத்ததையே திரும்பவும் துடைக்கச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நான் திரும்பி வந்து பாட்டைத் தொடங்கினேன். வட்டவளையிலிருந்து ரயில் அழகாகக் கிளம்பியது. ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்போம், வாசலில் துரை வந்து நின்றார். பாட்டு நின்றுவிட்டது. ஒரு பிள்ளை விடாமல் எல்லோரும் எழுந்து கையைக் கட்டித் தலை குனிந்தார்கள். நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன். கையைக் காட்டினேன், தாளம் போட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பெரிய வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"பாட்டு எங்கே? புள்ளே எல்லாம் ஊமையா?" என்றார் துரை.

பெரிய வாத்தியார் கிட்டே போய் இங்கிலீஷில் பணிவாக ஏதோ சொன்னார். டீச்சருக்கு வயசு போதாது, பிள்ளைகளை அடக்கிப் பழக்கமில்லை என்ற அளவுக்கு எனக்குப் புரிந்தது. துரை தேத்தண்ணீரைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பெரிய வாத்தியார் துரையை வண்டி வரை வழியனுப்பப் போன நேரத்தில் பிள்ளைகளிடம் கேட்டேன். கூடைத் தொப்பிக்காரி அழுதுவிட்டாள்.

"பெரிய வாத்தியார்தான் டீச்சர் காலையில சொன்னாங்க. தொர வந்ததும் பாட்ட நிப்பாட்டிட்டு கையக் கட்டணும்னு. நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னாங்க."

நான் சொல்லச் சொன்னேனாம்! பாட்டை நேராகத் தடுத்திருந்தாலாவது பரவாயில்லை. என் பேரையே வைத்து என் கழுத்தை அறுத்திருக்கிறார்.

அவர் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "மரியாதைக்குச் சொன்னேன் தங்கச்சி. தொர முன்னால வாயப் பொளந்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? சின்னப் புள்ள நீ, மனசுல வச்சுக்காத. வா, சாப்பிடலாம்" என்றார். அன்றைக்கு மத்தியானம் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மாதம் முடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள். கணக்குப் பாடத்துக்குத்தான் இடத்தைக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் ஹட்டனில், ஒரு முஸ்லிம் பாயின் துணிக்கடையில், அந்தக் கூடைத் தொப்பிக்காரியைப் பார்த்தேன். அம்மாவோடு பாவாடைத் துணி எடுக்க வந்திருந்தாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஆர்மோனியப் பொட்டி வந்துருச்சு! பெரிய வாத்தியார்தான் இப்ப பாட்டு சொல்லிக் குடுக்குறாங்க. நம்ம ரயில் பாட்டுதான். தொர வந்தாலும் இப்ப நாங்க நிப்பாட்டுறதில்ல. அவரு கைதட்டிட்டுப் போனாரு."

"எப்படிப் பழகினீங்க?" என்று கேட்டேன்.

"அதே கூடையும் தடியும்தான் டீச்சர். பெரிய வாத்தியாரே தொர மாதிரி வருவாங்க." சிரித்தவள் சட்டென்று முகம் வாடினாள். "நீங்க ஏன் டீச்சர் எங்கள விட்டுட்டுப் போனீங்க? எங்களுக்குப் பாட்டு வராதுன்னு நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களாமே. பெரிய வாத்தியார் சொன்னாங்க."

"பொய்" என்றேன். "அவர் சொன்னது பச்சைப் பொய்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிடித்திருந்த என் கையை மெல்ல விட்டாள். "பெரிய வாத்தியார் பொய் சொல்ல மாட்டாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் நின்றுகொண்டாள்.