நான் கழற்றிய பச்சைத் தகடு

அப்பா உயிர் விட்ட இடத்தில் கருமாதி வரைக்கும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கை பேட்டரியில் எரியவைத்தது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர், வீட்டுக்கு வந்தால் பழைய ரேடியோவையும் கைபேசியையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறவள் என்ற மண்டைக்கனம். கொஞ்சம் நியாயமும் இருந்தது. கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஒரு போத்தல் விளக்கு சரிந்து ஐந்து காம்பரா வீடுகள் எரிந்துபோனதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கரண்டையும் நம்ப முடியாது. காற்றோடு மழை வந்தால் கந்தப்பளைப் பக்கம் முழுக்க இருட்டாகிவிடும்.

ஒரு மண் அகலுக்குள் இரண்டு மஞ்சள் எல்இடி பல்பைப் பதித்தேன். பழைய கைபேசி பேட்டரி இரண்டு என்னிடம் இருந்தது. ஒன்று விளக்கை எரிக்கும், மற்றது சார்ஜில் கிடக்கும். மறுநாள் மாற்றிவிட வேண்டியது. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணையாம இருந்தா சரி புள்ள. ஒங்கப்பா இருட்டுல நிக்கக் கூடாது" என்றாள்.

அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஐந்தாம் நாள் விடியற்காலை, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், விளக்கு பட்டென்று அணைந்துவிட்டது. மங்கவில்லை, எச்சரிக்கவில்லை. நான் மற்ற பேட்டரியை மாட்டுவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். பிணம் எடுத்த அன்று கூட அப்படி அழவில்லை. சத்தம் போடாமல், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

அணைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி பேட்டரியின் தலைப்பக்கத்தில், ஒட்டியிருக்கும் தாளுக்கு அடியில், விரல் நகம் அகலத்தில் ஒரு பச்சைத் தகடு இருக்கும். பேட்டரி அளவுக்கு மீறி வடிந்தால் அது தொடர்பைத் துண்டித்துவிடும். அளவுக்கு மீறி ஏறினாலும் துண்டிக்கும். காவல்காரன் மாதிரி. என் பேட்டரிகள் கிழடு தட்டியவை, ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கவில்லை. காவல்காரன் தன் வேலையைச் செய்திருக்கிறான். இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவள் நான். காட்டி என்ன, அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பேட்டரியிலும் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு விளக்கு அணையவே இல்லை. பேட்டரி சாகச் சாக மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. அம்மா முகம் தெளிந்தது. நானும் பெருமைப்பட்டேன். வெட்கங்கெட்ட பெருமை.

நான் மறந்தது ஒன்று. சார்ஜரும் நான் செய்ததுதான்; நிறைந்ததும் தானாக நிறுத்த அதற்குத் தெரியாது. நாலு தசம் இரண்டு வோல்ட்டில் நிறுத்தாவிட்டால் ஆபத்து, அப்படி நிறுத்திக்கொண்டிருந்ததும் அந்தத் தகடுதான். அடிமட்டம் வரை வடிந்து உள்ளே கெட்டுப்போன பேட்டரியை, காவலும் இல்லாமல், ஜன்னலோரம் சார்ஜில் போட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அது பன்னிரண்டாம் நாள். லயத்தில் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். துக்கத்தில் இருந்த அம்மா மட்டும் வீட்டில்.

பேட்டரி இட்லி மாதிரி உப்பி, சீறிப் புகை விட்டதாம். பக்கத்திலேயே அப்பாவின் கம்பளி, மேலே சாக்குத் தட்டி. அம்மா வயரைப் பிடுங்கி, அதைக் கையாலேயே தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, வாசலோரச் சாக்கடைக் கானில் வீசியிருக்கிறாள். அங்கே போய்த்தான் தீப்பிடித்தது. நான் வந்தபோது வலது கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெந்து தொங்கியது. கொழுந்து கிள்ளுகிற விரல்கள். அவள் பக்கத்தில், தண்ணீர் ஊற்றிய பேசினுக்கு நடுவே, ஒரு சாதாரண எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் விளக்கைக் கழற்றி மூலையில் வைத்திருந்தாள்.

தோட்டத்து மருந்துக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எண்ணெ வெளக்கு சுட்டுருச்சுங்க ஐயா."

லயம் முழுக்க அதுவே பேச்சானது. டீச்சர் நல்ல விளக்கு செய்து கொடுத்தும் தாய்க்காரி கேட்கவில்லையே என்று அவளைத்தான் ஏசினார்கள். ஏசினவர்களுக்கு முன்னாலேயே நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தேன். கோழை என்றால் நான்தான். புண் ஆறி அவள் மலைக்குத் திரும்பியபோது அந்த இரண்டு விரல்களும் மடங்க மறுத்தன. தோல் இறுகி, தளிர் எது முற்றல் எது என்று தொட்டு அறிய முடியவில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, கொழுந்து நிரையில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாராம். அவள் இதை எனக்குச் சொல்லவில்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

நான் ஹட்டனுக்குப் போய்ப் புது பேட்டரிகள் வாங்கினேன். தாளில் பெரிய கொள்ளளவு எண் அச்சடித்து, கையில் எடுத்தால் காற்றாக இருந்த போலிகளைத் தள்ளிவிட்டு, தகடு உள்ளதாகப் பார்த்து, நிறைந்ததும் தானே நிற்கும் சார்ஜரோடு எடுத்துக்கொண்டேன். வாங்கி வந்து அகலோடு பெட்டியில் பூட்டினேன்.

சில மாதங்களில் மேல் லயத்து அக்காவின் புருஷன் போய்விட்டார். பிணம் எடுத்த மறுநாள் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒங்க பேட்டரி வெளக்க குடுங்க. எண்ணெ வெளக்கு வேணாம். ஒங்கம்மா கைய பாத்தோம்ல."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் நின்றது. சும்மா இரு என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அம்மா கைய சுட்டது எண்ணெ வெளக்கு இல்ல. நான் செஞ்சது. அணையக் கூடாதுன்னு அதோட காவல நான்தான் வெட்டிப் போட்டேன்."

சொல்லிவிட்டு அழுதேன். அக்கா என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். இப்போது இருப்பதில் காவல் இருக்கிறது, சார்ஜ் பண்ண என்னிடமே கொண்டுவாருங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன், ஆனால் திடீரென்று அணைந்தாலும் அணையும் என்று உளறிக்கொட்டினேன். அக்கா தயங்கி நின்றாள்.

அம்மா எழுந்து போய்ப் பெட்டியின் பூட்டைத் திறந்து அகலை எடுத்து வந்தாள். மடங்காத அந்த விரல்களோடு சேர்த்து, இரண்டு கையாலும் அதை அக்காவிடம் நீட்டினாள்.

"அணைஞ்சா அணையட்டும். இருட்டுல நிக்கிறவரு கொஞ்ச நேரம் பொறுத்துக்குவாரு" என்றாள்.