கழராத பிட்டிங்

யுத்தம் முடிந்து கார் ரேஸ்கள் மறுபடி களைகட்டிய காலம். புத்தளத்தில் இருந்த என் உதிரிப்பாகக் கடைக்குக் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் வந்தார். ரேஸ் கார் எஞ்சினின் ஒயில் குழாயை இணைக்கும் பிட்டிங் கேட்டார். இரண்டு கைகளிலும் தோல் நெருப்பில் வெந்து, சுருங்கி ஆறியிருந்தது.

கிளிப் போட்டு இறுக்கும் வகையை எடுத்து வைத்தேன். அதை ஒரு குழாய்த் துண்டில் மாட்டி, முழுப் பலத்தோடும் இழுத்துப் பார்த்தார். காட்டிய எல்லாவற்றையும் அப்படித்தான் இழுத்தார்.

“இது வேணாம் நானா,” என்று என்னை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார். “போன முற இப்பிடி ஒண்டுதான் கழண்டது. கொதிக்கிற ஒயில் சைலன்சர்ல கொட்டி, கார் பத்திக்கிட்டுது. என்ட மாப்பிளய நான்தான் வெளிய இழுத்தெடுத்தேன்.”

நான் திடுக்கிட்டேன். “அதுக்குப் பொறகும் அவர் ரேஸ் ஓடுறாரா தங்கச்சி?”

“ஓம். வேணாமெண்டு அழுதும் பாத்தேன், கேக்கிறாரில்ல.”

மரையில் திருகிப் பூட்டும் இரும்புப் பிட்டிங் ஒன்றைக் கொடுத்தேன். அதையும் இழுத்தார். அசையவில்லை.

“இது கழராதா?”

“சரியாப் பூட்டினாக் கழராது. நல்ல மெக்கானிக்கிட்டக் குடுங்க.”

“பூட்டுறது நான்தான் நானா. வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்.”

வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் அதைப் பூட்டாமல் விட்டாலே கார் ஓடாது. ஓடவேண்டாம் என்று அழுகிறவர், கணவர் ஓடுவதற்குத் தானே ஏன் வழி செய்துகொடுக்கிறார்? வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“இது கூடவா விளங்கல்ல?”

எனக்கு இன்னும் விளங்கவில்லை.