ஜெனரேட்டர் ஆம்ப்ரோஸ்

"லாயிட், வெயில் வந்துடுச்சு, வாஷிங் மெஷினைப் போட்டுக்கோ! கிரைண்டர் போடறவங்க ஸ்வல்ப பொறுங்க. அவன் துணி முடியட்டும்."

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தச் சாய்ந்தபடி கீழே குரல் கொடுக்கிறார் ஆம்ப்ரோஸ். சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காம்பவுண்டில் எல்லா வீட்டாருமாகச் சேர்ந்து மாடியில் சோலார் பலகைகள் போட்டோம். மாடிப்படிக்கு அடியில் பொதுவாக ஒரு பேட்டரி. யார் எப்போது எதை ஓட்டலாம் என்று சொல்லும் பொறுப்பை அவரிடம் விட்டோம். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டதுதான் அதற்கு அவர் பெற்ற சம்பளம்.

பழைய ஆட்களுக்கு அவர் இன்னும் 'ஜெனரேட்டர் ஆம்ப்ரோஸ்'தான். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவர். முகூர்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். இருட்டில் குழந்தைகள் அலறும். இவர் மண்டபத்தின் பின்பக்கம் ஓடிப்போய் ஹேண்டிலைச் சுற்றுவார். சீரியல் பல்புகள் மொத்தமாக எரியும்போது கூட்டமே ஹோவென்று கத்தும். "பொண்ணு மாப்பிள்ளைக்குக்கூட அவ்ளோ கைதட்டல் கிடையாதும்மா. எல்லாம் எனக்குத்தான்!" என்பார் என்னிடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாலும் டீசல் வாசனை கூடவே வருமாம். சொல்லும்போது இன்றைக்கும் சட்டைக் காலரை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறார்.

"அப்ப கேட்டவங்களுக்குக் கேட்ட கரண்டு. ஐஸ்கிரீம் பெட்டியா, போடு. பாட்டுக் கச்சேரியா, போடு. டீசலை ஊத்திக்கினே இருந்தாப் போதும். இல்லன்னு ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. இப்ப வெயிலு குடுக்கறதத்தான் நாம பங்கு போட வேண்டியிருக்கு."

போன ஆகஸ்டில், விடாமல் மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், தெருமுனையில் மரம் சாய்ந்து கரண்ட் லைன் அறுந்துவிட்டது. மேகத்துக்கு அடியில் பலகைகள் சும்மா கிடந்தன. மிச்சமிருந்தது பேட்டரிதான், அதுவும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு ரத்தினம்மாள் மூச்சுக்கோளாறுக்காரர். அவருடைய ஆக்சிஜன் மெஷின் நிற்கக் கூடாது. ஆம்ப்ரோஸ் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். கடைசி வீட்டு வாசலில் தயங்கி நின்றுவிட்டார். அங்கே நோரா கேக் செய்து விற்கிறாள். மரம் விழுவதற்குச் சற்று முன்புதான், ஒரு ஞானஸ்நான வீட்டுக்கான கேக்கை ஓவனில் வைத்திருந்தாள். வாசல்வரை வெண்ணெய் மணந்தது.

"என்ன அங்கிள்?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். "நல்லா எழும்பிடுச்சாம்மா?"

"இப்பத்தான் எழும்புது."

"கீழே ரத்தினம்மாவுக்கு மெஷின் ஓடுது..." என்று இழுத்தார். அப்புறம் சொன்னார்: "உனக்குக் குடுக்க இல்லம்மா."

நோரா ஓவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய் சுவிட்சை அணைத்தாள்.

சாயங்காலம் லைன் வந்தது. அதுவரை ரத்தினம்மாளின் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஞானஸ்நான வீட்டுக்காரர்கள் கேக்கை மறுநாள் காலையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். நோரா புதிதாக மாவு கலக்க ஆரம்பித்தாள். நடுவில் குழிந்துபோன கேக்கைக் குப்பையில் போட எடுத்துவந்தவளை ஆம்ப்ரோஸ் மறித்தார். தட்டை வாங்கிக்கொண்டு ஈரப் படியிலேயே உட்கார்ந்து, வேகாத மாவை ஸ்பூனால் வழித்து வழித்து, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்.