மாமாவின் சோடா மிஷின்

புதுச்சத்திரம் தாண்டி நடக்கும்போதும் அந்தச் சோடா மிஷினைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் என் அக்காள் கணவர் அதைக் கூட்டுறவு சொசைட்டியில் கடன் எடுத்து வாங்கியிருந்தார். பச்சை வர்ணம் அடித்த புது மிஷின். அவர் சக்கரத்தைச் சுற்றுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் அந்தத் தொழிலில் அவருக்கு முன்பே கை பழகியவன் நான்.

எனக்கும் அதே கடன் வேண்டியிருந்தது. அதற்கு உறுப்பினர்கள் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும்.

"மாமா, நீங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று கிளம்புவதற்கு முதல் நாள் அவர் கடையில் வைத்துக் கேட்டேன்.

"போட்டுட்டு உன்ன எந்த ஊர்ல போயி தேடுறது மச்சான்? உன் செருப்பு தேயிற வேகத்துக்கு எந்த சொசைட்டியும் தாங்காது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காளும் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். நடக்க நடக்க அவர் சொன்னதைத்தான் மெய்யாக்குகிறேன் என்பது பாதி வழியில் உறைத்தது. திரும்பலாம்தான். திரும்பினால் அவர் சோடா ஊற்றி விற்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடலூரை நோக்கியே நடந்தேன்.

அன்றிரவு கடலூர் முதுநகர் ரயில்வே ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் துறைமுகத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள்.

"எத்தினி நாளைக்கி இருப்ப?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இந்த ஊர்லயேதான் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.