கேழ்வரகு அளவு இரும்பு

கட்டரின் பின்பக்கச் சங்கிலிகளை நான்தான் கழற்றினேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, மாந்தோப்பில் புல்லையும் புதரையும் வெட்ட ஓட்டும் இயந்திரம் அது. பெரிய இரும்புத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அடியில் இரண்டு பிளேடுகள் சுழலும். பிளேடு கல்லில் பட்டால் எதுவும் பின்னால் தெறிக்காதபடி, விளிம்பில் சங்கிலிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து சங்கிலிகளில் சுற்றிக்கொண்டது. இரண்டு வரிசைக்கு ஒரு தரம் இறங்கிப் பிடுங்க வேண்டியிருந்தது. சில கண்ணிகள் அறுந்தும் போயிருந்தன. எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, முழங்கால் சரியில்லை. அறுந்ததை மாற்றுவதற்குப் பதில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். தோப்பு கேட்டின் தாழ்ப்பாள் உடைந்து ஆடுகள் நுழைந்துகொண்டிருந்த சமயம். கழற்றிய சங்கிலியால் கேட்டைக் கட்டினேன். ஒரே வேலையில் இரண்டு தொல்லை தீர்ந்தது என்று அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

நான் படிக்காதவன் இல்லை. திருப்பதியில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, ஆந்திர எல்லையோரம் பாலசமுத்திரம் பக்கம் எங்கள் பங்குக்கு வந்த தோப்புக்குத் திரும்பியவன். சுழலும் பொருளிலிருந்து பிய்ந்த துண்டு எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகும் என்று கரும்பலகையில் வருஷா வருஷம் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதுக்கு மேல். ஒரு பசுமாடு வைத்திருந்தாள். கட்டர் சிதைத்துப்போட்ட புல்லை மாடு தொடாது என்பதால், நான் டிராக்டரை எடுக்கும் நாளில் அவள் அரிவாளோடு முன்கூட்டியே வந்துவிடுவாள். வேலியோரப் புல் அவளுக்கு என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட வழக்கம்.

அன்று காலையும் வந்தாள்.

"சாரு, அந்த ஓரத்த மட்டும் உட்டுடுங்க. இன்னும் ரெண்டு கட்டு அறுத்துக்கறேன்."

"நீ அறுத்து முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நீ பாட்டுக்கு அறுத்துக்கினு இரு, நான் அடுத்த வரிசையில போறேன்."

"உங்க மெஷினு ஒரு நாழில துன்றத எங்க மாடு ஒரு வருசம் துன்னும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

அவளைத் தாண்டி இருபது அடி போயிருப்பேன். அடியில் கல் பட்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியர்வை துடைக்கிறாள் என்று நினைத்து வரிசையை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அப்போதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சுருக்குன்னு இன்னாமோ குத்துச்சி சாரு. மண்ணு போல."

கண் சிவந்திருந்தது. ரத்தம் பெரிதாக இல்லை. கார் பிடித்து அவளைத் திருப்பதிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவளுடைய வீட்டுக்காரர் அப்போது லாரியில் வெளியூர் போயிருந்தார். புத்தூர் தாண்டும்போது நான் அவளிடம் சொன்னேன்.

"மாங்கிளை குத்திச்சின்னு சொல்லிடலாம்மா. மெஷினுன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். உன்னையும் அலைய வைப்பாங்க."

"நீங்க சொன்னா சரி சாரு."

உன்னையும் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். பயம் எனக்கு மட்டும்தான் இருந்தது. டாக்டர் கேட்டபோது அவள் வாயைத் திறப்பதற்குள் நானே தெலுங்கில் மாங்கிளை என்று சொல்லிவிட்டேன். அவர் விளக்கடித்துப் பார்த்தார். சின்னக் கீறல், தானாக மூடிக்கொண்டிருக்கிறது என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கிளை குத்திய கண்ணுக்கு அவர் செய்தது சரியான வைத்தியம். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து டிராக்டரை ஓட்டியபோது கட்டர் நடுங்கியது. தூக்கிவைத்துக் குனிந்து பார்த்தேன். ஒரு பிளேடின் போல்ட் தளர்ந்திருந்தது. அதே பிளேடின் கூர்முனையில், ஓரத்தில், ஒரு கேழ்வரகு அளவுக்கு இரும்பு பெயர்ந்துபோயிருந்தது. மற்ற இடமெல்லாம் மண்ணும் புல்சாறும் ஏறிக் கறுத்திருக்க, அந்தக் குழி மட்டும் புதிதாகப் பளபளத்தது. விரல் நுனியை அதில் வைத்துப் பார்த்தேன்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு வழியை மட்டும் வைத்துக்கொண்டேன். இரும்பு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், தோப்பு பெரியது. அன்றே அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய், கண்ணில் இரும்பு இருக்கலாம், படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவளைத் திருப்பதிக்கு அழைத்துப் போகவில்லை. கட்டரைச் சித்தூருக்கு எடுத்துப்போனேன்.

மெக்கானிக் என் வயதுக்காரர், வாய் ஓயாதவர்.

"ஒண்ணு மாத்தினா ரெண்டும் மாத்தணும் சாரு. எடை ஒத்துப்போவலன்னா கியர்பாக்ஸ் புட்டுக்கும். போல்ட்டும் புதுசு போட்டுடறேன்." பழைய பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "கல்லுல குடுத்தீங்களா? இந்தத் துண்டு எங்க போச்சோ! யார் மேல விழணும்னு எழுதியிருந்துதோ!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சங்கிலி ஒண்ணுகூட காணோமே?"

"புல்லு சிக்குது."

"அதுவும் சரிதான். எங்க பக்கம் எல்லாம் கழட்டிட்டுத்தான் ஓட்றானுங்க. பழைய பிளேடு வேணுமா சாரு?"

"வேணாம்" என்றேன்.

அதை அவர் பழைய இரும்புக் குவியலில் வீசினார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அந்த ஒரு சொல்தான் பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

அவளுடைய கண் உடனே போகவில்லை. அதனால்தான் நானும் தப்பித்துக்கொண்டே வந்தேன். கட்டுப் பிரித்ததும் தெரிகிறது என்றாள். நாலைந்து மாதம் கழித்து மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். அடுத்த மாங்காய் சீசனில் அந்தக் கண் பக்கம் யார் வந்தாலும் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவளுடைய மகளின் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், மாட்டுக்கு லோன் வாங்க பேங்குக்குக் கூடப் போனேன். அவளுக்கு என்மேல் இருந்த மரியாதை வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனது. அதைச் சுமப்பது எனக்கு நாளுக்கு நாள் அலுப்பாக இருந்தது.

போன வருஷம் அவளுக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. நரம்பு அழுந்தியிருக்கும், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று திருப்பதியில் சொன்னார்கள். மகள் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலையில் இருந்தாள், லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துக்கொண்டார். நான் கூடப் போனேன். ஸ்கேன் முடித்துவிட்டுத் திருச்சானூர் அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த பெண் நகரிப் பக்கத்துக்காரி. ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு தமிழிலேயே பேசினாள்.

"மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழட்டிடும்மா. உள்ள பெரிய காந்தம் கீது. தாலில இன்னா அது, நாலு ஊக்கு? மொதல்ல அத எடு. பறந்துடும்."

"ஊக்கு இல்லாம எந்தப் பொம்பளமா வெளிய வருவா?"

"பறந்து போய் ஒட்டிக்கினா எங்க டாக்டரு உன்னத்தான் புடுங்கி எடுக்கச் சொல்வாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மெட்டியைக் கழற்ற அவளால் குனிய முடியவில்லை. அந்தப் பெண்தான் உட்கார்ந்து கழற்றினாள். எல்லாவற்றையும் என் கைக்குட்டையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆப்பரேஷன் பண்ணிக் கம்பி, பிளேட்டு ஏதாச்சும் வெச்சிக்கீறாங்களா?"

"இல்ல."

"கண்ணுல எப்பயாச்சும் இரும்புத் துண்டு, வெல்டிங் பொறி பட்டுச்சா?"

அவள் நல்ல கண் என் பக்கம் இருக்கும்படி தலையைத் திருப்பினாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இல்லம்மா. மாங்கிளை குத்துச்சி. அவ்ளோதான்."

ஆறு வருஷத்துக்கு முன் நான் கொடுத்த பொய்யை அவள் எனக்காக இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் படிவத்தில் 'இல்லை' என்பதில் டிக் போடப் போனாள். கைக்குட்டைக்குள் ஊக்குகள் இருந்தன. அத்தனை பெரிய காந்தத்தின் முன்னால் ஒரு ஊக்கு என்ன செய்யும், கண்ணுக்குள் இருக்கும் ஒரு துணுக்கு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எழுதாதேம்மா" என்றேன். "கிளை இல்ல. என் கட்டரு பிளேடு. அதோட ஒரு துண்டு தெறிச்சி அவ கண்ணுல போயிருக்கும். நான்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன்."

அந்தப் பெண் படிவத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டாள். ஸ்கேன் நின்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்குழியின் இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. மதியம் கண் டாக்டர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இரும்பின் துரு கண்ணுக்குள் பரவிவிட்டது என்றார். அப்போதே எடுத்திருந்தால் பார்வை தங்கியிருக்கலாம், இனி வராது என்றும் சொன்னார். அவளுக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அவளுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது.

வெளியே வந்து மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"எப்போலேர்ந்து தெரியும் சாரு?"

"ரெண்டு நாள் கழிச்சி. பிளேடப் பாத்தப்போ."

"அப்போ எனக்குக் கண்ணு தெரிஞ்சிக்கினு இருந்துதே."

"ஆமா."

"ஆறு வருசமா மாங்கிளைன்னு சொல்லிக்கினு கீறேன் நானு. எம் பொண்ணுகிட்டகூட. உங்களுக்குக் கேஸ் வரக்கூடாதுன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் வந்தது. அதைச் சொன்னால் அவள்தான் எனக்கு ஒன்று தர வேண்டிவரும் என்று தோன்றியது. சொல்லவில்லை. அவள் கையை நீட்டினாள். கைக்குட்டையைக் கொடுத்தேன். மூக்குத்தியையும் வளையல்களையும் போட்டுக்கொண்டாள். ஊக்குகளை எண்ணித் தாலியில் மாட்டினாள். மெட்டிக்காகக் குனியப் பார்த்து, முடியாமல், அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். வெறும் கைக்குட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் திருச்சானூர் போறேன். நீங்க வராதீங்க."

ஷேர் ஆட்டோவில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் கேட்டிலிருந்து சங்கிலியை அவிழ்த்தேன். துரு ஏறிக் கண்ணிகள் ஒன்றோடொன்று பிடித்திருந்தன, எதற்கும் ஆகாது. சித்தூரில் புதிதாக ஒரு வரிசை வாங்கிப் பின்பக்கம் மாட்டச் சொன்னேன்.

"ஆறு வருசம் இல்லாமதானே ஓட்னீங்க சாரு" என்றார் அதே மெக்கானிக். "இப்ப இன்னா திடீர்னு?"

"ஒருத்தங்க கண்ணு போச்சி. என்னாலதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

இப்போது அவள் மகளுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். கேஸ் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். கேட்டைக் கயிற்றால்தான் கட்டியிருக்கிறேன். வேலியோரப் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அதை அறுக்க யாரும் வரவில்லை. அவள் மாட்டுக்கு வைக்கோல் வண்டியில் வருகிறது. சங்கிலிகளில் புல் முன்போலவே சிக்குகிறது. இரண்டு வரிசைக்கு ஒரு தரம் டிராக்டரை நிறுத்தி இறங்குகிறேன். முழங்கால் மடங்க மறுக்கிறது. ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் புல்லை உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஏறுகிறேன்.